எனக்குப் பின்னால் ஓடியவர்

இதற்கு முன் நான் ஓடிய இரண்டு அரை மாரத்தான்களையும் வேனில்தான் முடித்தேன். முதல் தடவை சென்னையில், பதினான்காவது கிலோமீட்டரில் ஏற்றினார்கள். இரண்டாம் தடவை கோயம்புத்தூரில், பதினாறாவதில். இந்த மாதிரி ஓட்டங்களில் கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு வேன் ஊர்ந்து வரும். மூன்று மணி நேரத்துக்குள் முடிக்க மாட்டார்கள் என்று தெரிகிறவர்களை மரியாதையாக ஏற்றிக்கொண்டு போய்ப் பந்தலில் இறக்கிவிடும். உள்ளே உட்கார்ந்ததும் ஒரு வாழைப்பழம் கொடுப்பார்கள். அந்த வாழைப்பழத்தைப் போல் தொண்டையில் இறங்காத பழம் வேறு எதுவும் இல்லை.

"ஓடப் போறேன்னுட்டு வேன்ல வந்து இறங்குறியே, அதுக்கு நம்ம சத்திரம் பஸ் ஸ்டாண்டு டவுன் பஸ்ஸே போதுமே" என்றார் என் கணவர் கணேசன். நல்ல மனிதர்தான். வாய்தான் கொஞ்சம் நீளம்.

நாற்பத்தெட்டு வயதில், மகள் கல்யாணம் முடிந்த கையோடு ஓட ஆரம்பித்தேன். இப்போது ஐம்பத்தொன்று. திருச்சியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் வேலை. என் வாழ்க்கையில் நான் தொடங்கிய எதையும் நானே முடித்ததாக நினைவில்லை. கோலம் பாதியில் இருக்கும்போது பால் பொங்கும், தையல் வகுப்பு பாதியில் இருக்கும்போது மாமியார் கீழே விழுந்தார், எம்.ஏ. இரண்டாம் வருஷத்தில் மகள் பிறந்தாள். ஒன்றே ஒன்றையாவது முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை நானே என் காலால் முடிக்க வேண்டும் என்று ஒரு வெறி. போன பொங்கலன்று குடும்பமே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சபதம் போட்டேன்: மூன்றாவது தடவையும் வேன் ஏற்றினால் ஷூவைப் பரணில் போட்டுவிடுகிறேன். சபதம் போட்ட பிறகு பயம் வந்தது. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊரில் ஓடிப் பார்க்கலாம் என்று கொழும்பைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று நாள் ஊர் சுற்றல், நாலாம் நாள் ஓட்டம். சென்னைக்கு ரயிலில் போகிற நேரத்தில் கால்வாசிகூட ஆகவில்லை, கடலைத் தாண்டி இறங்கிவிட்டேன்.

வெள்ளவத்தையில் தங்கினேன். காலி வீதி என்ற பெரிய சாலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் சந்துகளில் ஒன்று. சந்தின் முனையில் தண்டவாளம், அதற்கு அந்தப் பக்கம் கடல். ரயில் போகும்போது அலைச் சத்தம் நின்றுவிடும், போனதும் மறுபடி கேட்கும். வீட்டுக்காரர் சிவயோகம் அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேல்மாடியில் ஒரு அறையை வருகிறவர்களுக்குக் கொடுக்கிறார்.

"வாங்கோ பிள்ளை, உள்ளுக்கு வாங்கோ. என்ன அலுவலா வந்தனீங்கள்?"

"ஓட வந்திருக்கேன்க்கா. ஞாயித்துக்கிழமை ஓடணும்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் உருவத்தைப் பார்த்துவிட்டு இந்தச் சேதியைக் கேட்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அவர் சிரிக்கவில்லை.

"பொம்பிளையள் ஓடுறது நல்ல விஷயம். எங்கட பக்கத்து வீட்டுப் பிள்ளையும் இப்ப ஓடப் பழகுது. ரெண்டு தரம் ஃபெயிலாப் போச்சு, பாவம்."

எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. "நானும் ரெண்டு தரம் ஃபெயில்தான்க்கா" என்றேன்.

"அட கடவுளே! பிறகு என்ன துணிவில வெளிநாட்டில ஓட வந்தனீங்கள்? கவனம் பிள்ளை, காலி வீதி பஸ்காரன்கள் இடிச்சுப் போட்டுப் போயிடுவாங்கள்."

"இல்லக்கா, அன்னிக்கு ரோட்டை மூடிடுவாங்க."

"உங்களுக்காகவோ?" அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

ஒரு பெண் இரண்டு முறை தோற்றும் மூன்றாம் முறை ஓட வந்திருப்பதை இவ்வளவு பெரிதாக மதிக்கும் ஊரை நான் பார்த்ததில்லை. வந்த முதல் மணி நேரத்திலேயே கொழும்பு எனக்குப் பிடித்துப் போனது.

இரவு இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். எங்கள் ஊரில் இடியாப்பத்துக்குக் கால் வைத்து எழுதுவோம், தேங்காய்ப்பாலில் சர்க்கரை போட்டுத் தின்போம். இங்கே கால் இல்லாத இடியப்பம், மஞ்சள் நிறச் சொதியில் மிதக்கிறது. எட்டாவதை எடுத்தபோது அக்கா பக்கத்தில் வந்து நின்று, "ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்றார்.

எனக்குப் புரை ஏறியது. எங்கள் ஊரில் ஆறுதல் சொல்வது இழவு வீட்டில். கணேசன் இவருக்குப் போன் போட்டு வேன் கதையைச் சொல்லிவிட்டாரோ? "ஞாயிற்றுக்கிழமையும் ஆறுதலா ஓடுங்கோ, என்ன?" என்று அவர் தோளைத் தட்டியபோது சந்தேகம் உறுதியாகிவிட்டது.

"எனக்கு எதுக்குக்கா ஆறுதல்? எனக்கென்ன துக்கம்?"

அக்கா ஒரு நிமிஷம் முழித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். இவர்களுக்கு ஆறுதலாக என்றால் அவசரப்படாமல், மெதுவாக. அவ்வளவுதான். ஆறுதலாக வாங்கோ, ஆறுதலாகக் கதைப்போம், ஆறுதலாக மென்று தின்னுங்கோ. எவ்வளவு நல்ல ஏற்பாடு! நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். இலங்கைத் தமிழில் இனி என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஒரு திமிரும் வந்தது. அந்தத் திமிருக்கு ஞாயிறு காலை வரை ஆயுள் இருந்தது.

வெள்ளிக்கிழமை தனியாக ஊர் சுற்றக் கிளம்பினேன். கொள்ளுப்பிட்டியில் இறங்கிக் காலிமுகத்திடலுக்கு நடப்பது திட்டம். கடலோர ரயிலில் ஏறியதும் கூட்டம் என்னை நடுவில் செருகிவிட்டது. கதவோரம் நின்ற ஒருவர் என்னைப் பார்த்து, "பஹினவத? பஹினவத?" என்று இரண்டு முறை கேட்டார். ஊர் எது என்று கேட்கிறார் என்று நினைத்து, சிரித்த முகத்தோடு "திருச்சி" என்றேன். அவரும் சிரித்துவிட்டு வழியை அடைத்துக்கொண்டார். இறங்குகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். கொள்ளுப்பிட்டி போனது. கொம்பனித்தெரு போனது. கோட்டையும் போனது. மருதானையில் ரயிலே காலியானபோது நானும் இறக்கப்பட்டேன்.

மருதானையில் பழைய இரும்பும் புதிய டயரும் விற்கும் கடைகளுக்கு நடுவில் பிளேன்டீ குடித்தேன். பால் இல்லாத தேநீர், இஞ்சி தட்டிப் போட்டது. நம் ஊரில் பால் தீர்ந்துபோனால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கொடுப்பதை இங்கே பெருமையாகக் கொடுக்கிறார்கள், நன்றாகவும் இருக்கிறது. பிறகு ஓட்டோ பிடித்துக் காலிமுகத்திடல் போய், முழு இறால் ஒட்டிய வடை மூன்று தின்றேன். மெரினாவின் அளவில் பாதிகூட இல்லாத இடம், ஆனால் மணல் இல்லாத புல்தரை. கடல் கைக்கெட்டும் தூரத்தில் கல்லில் மோதுகிறது. இங்கிருந்துதான் ஓட்டம் தொடங்குகிறது, இங்கேதான் முடிகிறது. காலி வீதியில் தெற்கே போய், தெகிவளையில் திரும்பி, கடலோரச் சாலையில் வடக்கே வர வேண்டும். முடிவுக் கோடு வரப் போகும் இடத்தில் ஒரு குடும்பம் பட்டம் விட்டுக்கொண்டிருந்தது. நான் அந்த இடத்தை ஒரு தடவை நடந்து தாண்டிப் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை.

மாலையில் அக்கா சொன்னார்: "நாளைக்கு அன்ரனை வரச் சொல்லியிருக்கிறன். கொட்டாஞ்சேனைப் பெடியன். எனக்கு எங்க போறதெண்டாலும் அவன்தான். உங்களுக்கு ஊர் காட்டுவான். நல்லா ஓடுவான், தெரியுமோ? யாழ்ப்பாணத்துக்கே எத்தினை தரம் ஓடியிருக்கிறான். கண்டி மலையெல்லாம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு."

யாழ்ப்பாணம் நானூறு கிலோமீட்டர் என்று கேள்விப்பட்டிருந்தேன். நாள் கணக்கில் ஓடுகிற மகா ஓட்டக்காரர்கள் உண்டு, படித்திருக்கிறேன். ஒருவரை நேரில் பார்க்கப் போகிறோம் என்ற பரபரப்பில் இரவு சரியாகத் தூங்கவில்லை.

பெடியன் என்றால் பையனாம். சனிக்கிழமை காலை வந்த பெடியனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பொத்தானைச் சோதிக்கும் தொப்பை, காலில் ரப்பர் செருப்பு, கையில் கச்சான் பொட்டலம். வேர்க்கடலைக்கு இங்கே கச்சான் என்று பேர். ஆளைப் பார்த்து ஓட்டத்தை எடைபோடக் கூடாது என்பது என் கொள்கை. வேறு கொள்கை வைத்துக்கொள்ள என் உடம்பு இடம் கொடுக்காது. நண்பனின் ஓட்டோவைக் கொண்டுவந்திருந்தார்.

"என்ட வான் மருதானையில கராஜில நிக்குது அக்கா, எஞ்சின் சூடாகுது. பின்னேரம் தருவாங்க" என்றார். வாடகை வேன் வைத்திருக்கிறார் என்பது அப்படித்தான் தெரிந்தது. வேனை இவர்கள் வான் என்கிறார்கள்.

கொட்டாஞ்சேனை வெள்ளவத்தையைப் போல அல்ல. வெள்ளவத்தை சேலைக் கடையும் டியூஷனுமாகக் கண்ணியமாக இருக்கிறது என்றால், இது துறைமுகத்துக்குத் தோள் கொடுத்து நிற்கிற இடம். ஒடுங்கிய தெருவில் லாரி, லாரிக்கு முன்னால் பூக்கடை, அதற்கு முன்னால் ஒரு நாய். யாரும் நகர்வதில்லை, ஆனால் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். எங்கள் பெரிய கடைவீதியை அப்படியே தூக்கி உப்புக் காற்றில் வைத்ததுபோல் இருந்தது.

"முதல்ல கோயிலுக்குப் போயிட்டுப் போவம்" என்றார் அன்ரன். பிள்ளையாரை எதிர்பார்த்து வண்டியிலேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினேன். எதிரே பெரிய மாதா கோவில். கத்தோலிக்கரான அவருக்கு அதுதான் கோயில். சூட்டில் தத்தித் தத்தி நான் படியேறியதைப் பார்த்து, "நேர்த்தியோ அக்கா?" என்று பக்தியோடு கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

அவர் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். "நாளைக்கு ஓட்டம் தானே. வருஷா வருஷம் முதல் நாள் வந்து கொளுத்துவன். ஆருக்கும் ஒண்டும் ஆகாம ஓடி முடிக்கோணும் எண்டு."

"நீங்களும் நாளைக்கு ஓடுறீங்களா?" என் குரல் அந்த உயரமான கூரை வரை போய்த் திரும்பியது.

"ஓம் அக்கா. ஏழு வருஷமா ஓடுறன். அதே இருபத்தொரு கிலோமீட்டர்தான்."

"எவ்வளவு நேரத்துல முடிப்பீங்க?"

"மூண்டு மணித்தியாலம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிந்தினாலும் ஏசுவாங்க, முந்தினாலும் ஏசுவாங்க."

"யாழ்ப்பாணத்துக்கே ஓடினவர் நீங்க. முன்னாடி போக ஆசை இல்லையா?"

"எனக்கு முன்னாடி என்ன வேலை? நான் எப்பவும் கடைசிதான் அக்கா. எனக்குப் பின்னால ஒருத்தரும் வர ஏலாது."

என் கண் கலங்கிவிட்டது, ஒளிக்காமல் சொல்கிறேன். மூன்று வருஷ ஓட்டத்தில் எனக்குப் பின்னால் ஒரு மனிதர் ஓடியதில்லை, வேன்தான் வந்திருக்கிறது. இதோ ஒருவர், கடைசியாக வருவதையே ஏழு வருஷமாக வேண்டுதல்போல் செய்துகொண்டிருக்கிறார். அதுவும் கடிகாரம் பிடித்ததுபோல் மூன்று மணி நேரம். அப்படியானால் எனக்குக் கணக்கு சுலபம். அன்ரனுக்கு முன்னால் இருக்கும் வரை எனக்குப் பயமில்லை.

தேநீர்க் கடையில் மீன் ரோல்ஸ் தின்றபடி கேட்டேன்: "நாளைக்கு நானும் உங்களோடயே வந்துடவா?"

அன்ரன் திடுக்கிட்டார். "ஐயோ, என்னோட வராதீங்கோ அக்கா! என்னோட வந்தா உங்களுக்கு மெடல் இல்லை."

"அப்படிச் சொல்லாதீங்க. தன்னம்பிக்கை வேணும். ஆமா, ஷூ எங்க? செருப்போடயா ஓடுவீங்க?"

"சப்பாத்து போட்டா எனக்கு ஓட வராது. செருப்பு, இல்லாட்டி வெறுங்கால். கச்சான் கொறிச்சுக்கொண்டு ஆறுதலா ஓடுவன்."

கடலை தின்றுகொண்டே அரை மாரத்தான்! உப்பு மாத்திரை இரண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, பதினைந்தாவது கிலோமீட்டரில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஒரு மண்டபத்தில் நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டை கொடுத்தார்கள். மல்லிகா என்பது என் முழுப் பெயர். வீட்டில் மல்லி. அட்டையில் செல்லப் பெயர் போடலாம் என்று கேட்டிருந்தார்கள், நானும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் மல்லி என்று கொடுத்திருந்தேன். அன்ரன் அதை வாசித்துவிட்டு ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அக்கா, சிங்களத்தில மல்லி எண்டா தம்பி!" மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள்.

மாலையில் அன்ரன் போன் செய்தார். "வான் வந்திட்டுது அக்கா. புது ரேடியேட்டர் போட்டாச்சு, இனி மலை ஏறினாலும் சூடாகாது. விடிய என்ட நண்பன் வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போவான். நான் முதலே போகோணும்." ஓட்டக்காரர்கள் முன்கூட்டியே போய் உடம்பைச் சூடாக்குவது வழக்கம்தான். அடுத்த அழைப்பு கணேசனுடையது. "ஷூ வைக்கப் பரண்ல இடம் ஒழிச்சாச்சு" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

ஞாயிறு விடியற்காலை ஐந்து மணி. காலிமுகத்திடலில் கூட்டத்துக்குள் அன்ரனைத் தேடினேன். செருப்புக் கால் ஒன்றையும் காணோம். துப்பாக்கி வெடித்தது, ஓட ஆரம்பித்தோம். முதல் கிலோமீட்டரிலேயே எல்லோரும் என்னைக் கடந்துவிட்டார்கள். நானும், இரண்டு இளைஞர்களும், ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவும் மிஞ்சினோம். பம்பலப்பிட்டியில் தாத்தா என்னைத் தாண்டினார். இளைஞர்கள் பின்தங்கினார்கள். விடிய விடியச் சாலையோரம் ஆட்கள் வந்தார்கள். அட்டையை வாசித்தவர்கள், "துவன்ன மல்லி, துவன்ன!" என்று கத்தினார்கள். ஓடு தம்பி, ஓடு! ரொட்டியும் பையுமாக நின்ற ஒரு பெண்மணி மட்டும் என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, "மல்லி நெமெய், அக்கா!" என்று கூட்டத்தைத் திருத்தினார். தம்பி இல்லை, அக்கா. இரண்டு மொழிக்கும் அக்கா அக்காதான். அந்த ஒரு சொல்லில் அரைக் கிலோமீட்டர் போனேன்.

வெள்ளவத்தைச் சந்தியில் சிவயோகம் அக்கா தலைகுளித்துத் திருநீறோடு காத்திருந்தார். என்னைக் கண்டதும் கையை அசைக்கவில்லை, வாயைப் பிளந்தார்.

"பிள்ளை! கார் எங்க?"

"எந்தக் கார்?"

"ஓட வந்தனீங்கள் எல்லோ? ஐயோ, நீங்கள் காலாலயோ ஓடுறீங்கள்!"

"வேற எதாலக்கா ஓடுவாங்க?" மூச்சு வாங்க நின்றேன். "அன்ரனைப் பார்த்தீங்களா? எங்க அவரு?"

"அன்ரனோ? அங்க பின்னால ஓடிக்கொண்டு வாறான்."

திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, மனிதர் நடக்கும் வேகத்தில், ஒரு வெள்ளை வேன். ஓட்டுநர் இருக்கையில் தொப்பையும் கச்சானுமாக அன்ரன். என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

இலங்கையில் வண்டியை ஓட்டுவதில்லை. கார் ஓடுகிறார்கள், பஸ் ஓடுகிறார்கள், வான் ஓடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடப் பழகுவது கார். யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் ஓடியது வான். சப்பாத்து போட்டால் பெடல் பிடிபடாது. நான் நேற்று முழுக்கப் பாசமாகப் பேசி, உப்பு மாத்திரை கொடுத்து, தன்னம்பிக்கை ஊட்டியது என்னை ஏற்றிப் போக வந்த வேனின் சாரதிக்கு! அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. என்னோடு வராதீர்கள், வந்தால் மெடல் இல்லை என்று எச்சரித்துக்கூட இருக்கிறார். ஒரு 'ட்' இல்லாமல் போனதில் நான் எமனோடு டீ குடித்திருக்கிறேன்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஓடினேன். கணக்கு மட்டும் மாறவில்லை: அன்ரனுக்கு முன்னால் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தெகிவளையில் திரும்பிக் கடலோரச் சாலைக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. இளைஞர்கள் இரண்டு பேரும் வேனில் ஏறிவிட்டார்கள். இப்போது நான்தான் கடைசி. பின்னால் எஞ்சின் உறுமுவது கேட்டுக்கொண்டே இருந்தது. இந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். சென்னையில் இதைக் கேட்டபடி ஒரு மணி நேரம் ஓடியிருக்கிறேன். முழங்கால் தனியாகப் பேச ஆரம்பித்தது. கடலைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பதினேழாவது கிலோமீட்டரில் வேன் என் பக்கத்தில் வந்தது. முன் இருக்கையில் கையில் போனோடு ஒரு மேற்பார்வையாளர். அவர் அன்ரனிடம் சிங்களத்தில் அவசரமாக ஏதோ சொன்னார். மழை வரும்போல் இருக்கிறது, சாலையைச் சீக்கிரம் திறக்க வேண்டும், இந்த அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்புவோம் என்றாராம். பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்தது பக்கவாட்டுக் கதவு திறந்ததுதான். உள்ளே ஏசியின் குளிர். இளைஞர்கள் வாழைப்பழம் தின்றபடி, "வாங்க ஆன்ட்டி, யன்னல் சீட் இருக்கு" என்று அன்பாகக் கூப்பிட்டார்கள். என் கைக்கடிகாரத்தில் முப்பத்தைந்து நிமிஷம் பாக்கி. நான்கு கிலோமீட்டர் பாக்கி. பரண் கண்ணுக்குத் தெரிந்தது.

அன்ரன் என்னைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தபடியே கேட்டார்: "அக்கா, ஏறப் போறீங்களோ, ஓடப் போறீங்களோ?"

"ஓடப் போறேன்."

"அப்ப பின்னால பாக்காம ஓடுங்கோ."

நான் ஓடினேன். முப்பது அடி போயிருப்பேன், பின்னால் எஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டு நின்றது. பார்க்காதே என்று சொன்ன பிறகு பார்க்காமல் இருக்க முடியுமா? வேன் சாலை நடுவில் நின்றிருந்தது. அன்ரன் இறங்கி வந்து இரண்டு கையையும் விரித்து, "எஞ்சின் எக ரத் வெலா, சேர்!" என்று மேற்பார்வையாளரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த சிங்களம் பத்துச் சொல். ஆனாலும் புரிந்தது. எஞ்சின் சூடாகிவிட்டதாம். அவர் ஆறுதலாக ஒரு தண்ணீர்ப் போத்தலைத் தேடி எடுத்தார். ஆறுதலாக மூடியைத் திருகினார்.

அதன்பின் எனக்குப் பின்னால் சத்தமே இல்லை. அலைச் சத்தம் மட்டும். இடது பக்கம் தண்டவாளத்தில் ஒரு ரயில் போனது, கதவில் தொங்கியவர்கள் "மல்லி! மல்லி!" என்று கத்திக்கொண்டே போனார்கள். கொள்ளுப்பிட்டியில் கால் பிடித்தது, நடந்தேன், மறுபடி ஓடினேன். பாதியில் விட்ட கோலம், பாதியில் விட்ட எம்.ஏ., எல்லாம் நினைவுக்கு வந்து அழுதுகொண்டே ஓடினேன். வியர்வைக்கும் கண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாதது ஓட்டக்காரர்களுக்கு ஒரு வசதி. காலிமுகத்திடலில் பந்தலைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். முடிவுக் கோட்டுக் கடிகாரம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் தாண்டும்போது இரண்டு மணி ஐம்பத்தெட்டு நிமிஷம். ஒரு பெண் ஓடிவந்து என் கழுத்தில் மெடலைப் போட்டு, அட்டையைப் பார்த்துவிட்டு, "வெல் டன் மல்லி" என்றாள். தம்பி என்றோ அக்கா என்றோ, எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.

புல்லில் உட்கார்ந்து கணேசனுக்குப் போன் போட்டேன்.

"என்னடி, வேன் வந்துச்சா?"

"இன்னும் வரல" என்றேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். முப்பது வருஷத்தில் அவரைப் பேச்சிழக்க வைத்தது இதுதான் முதல் தடவை.

போனை வைக்கும்போது மஞ்சள் விளக்கோடு வேன் திடலுக்குள் நுழைந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக மூன்று மணி நேரம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மேற்பார்வையாளர் கோபமாக இறங்கிப் போனார். அன்ரன் என்னிடம் வந்தார். சட்டைப் பையில் என் உப்பு மாத்திரைகள் அப்படியே இருந்தன.

"நேத்துதானே புது ரேடியேட்டர் போட்டீங்க?" என்றேன். "மலை ஏறினாலும் சூடாகாதுன்னீங்களே?"

"மலையில சூடாகாது தான் அக்கா. இது கடற்கரை எல்லோ." முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "பிறகு, அந்த மனுசன் மூண்டு மணித்தியாலத்துக்கு முதலே போவம் எண்டா நான் என்னெண்டு போறது? ஏழு வருஷமா ஓடுறன். நான் சொன்னனான் தானே, கடைசியா வாறது நான்தான் எண்டு."

அவர் வேனுக்குள் கையை விட்டு, மீந்திருந்த ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்கோ அக்கா. ஆறுதலாச் சாப்பிடுங்கோ."